ஐந்து சரம் உப்புக்கண்டம்

விக்கிரமங்கலம்
12.02.2024

அன்புள்ள அண்ணிக்கு, சிந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, இட்லிக்கடை எப்படி ஓடுகிறது? முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா?

போன் இருக்கும்போது இவள் எதற்கு லெட்டர் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். சனிக்கிழமை நாம் போனில் வாய்த்தகராறு பண்ணினோமே, அப்போது மணிமொழி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பொண்ணு. நாம் பேசுவதற்கு முன்னால் உங்கள் தம்பிக்குப் பார்த்தாள், மேலே 160 இருந்தது. நாம் பேசி முடித்தபிறகு பார்த்தால் மேலே 180, கீழே 110. "அக்கா, நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா இவருக்குத்தான் ஏறுது. பேசாம லெட்டர் போட்டுக்கங்க" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள், நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

டாக்டரையும் போன மாதமே பார்த்தோம். உப்பைக் குறைக்கணும், ராத்தூக்கம் கெடக்கூடாது, புகையிலையை விடணும், மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்றார். இப்படியே விட்டால் கை கால் இழுத்துவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால் லாரி ஓனரிடம் நானே போய்ப் பேசினேன். இனிமேல் அவருக்குத் திருச்சி லைன் கிடையாது. சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து யார்டுக்குப் பகலில் மட்டும் ஓட்டுவார். திருச்சி லைனுக்கு ராசாங்கம் அண்ணன் போகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாசியில் குலசாமிக்குக் கெடா வெட்டியதும் பின்னந்தொடையை நீங்கள் உப்புக்கண்டம் போட்டு அனுப்புவீர்கள். இந்த வருஷம் வேண்டாம் அண்ணி. தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சிந்தாமணி

*

பாடாலூர்
19.02.2024

சிந்தாமணிக்குச் செங்கமலம் எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் இருக்கிறேன். முட்டிவலி இருந்த இடத்தில் இருக்கிறது.

தபால்காரர் உன் லெட்டரைக் கடையில் நாலு பேர் முன்னால் கொடுத்தார். "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று ஒருத்தன் கேட்டான். படித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். என் குரலைக் கேட்டால் என் தம்பிக்கு ரத்தம் ஏறுகிறதாம். எங்கம்மா நடவு வயலில் விழுந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, காத்து அடித்துவிட்டது என்று மந்திரித்தும் மூணாம் நாள் செத்துப்போனபோது எனக்குப் பதினொரு வயசு, அவனுக்கு அஞ்சு. அன்றையிலிருந்து இந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் தூங்கினான், எழுந்தான். எனக்கென்று வயிற்றில் ஒன்று தங்கவில்லை. இருந்த ஒரு பிள்ளை அவன்தான்.

போன மாதம் கடைசி டிரிப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான், நான் சொல்கிறேன். வண்டியைக் கடை முன்னால் நிறுத்தினான். வாழை இலை போட்டு இட்லியும் கறிக்குழம்பும் எடுத்து வைத்தேன். அவன் சீட்டுக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுக்கிறான். "இல்லக்கா, சிந்தாமணி கட்டிக் குடுத்திருக்கா" என்கிறான். என் பெஞ்சில் உட்கார்ந்து, என் தண்ணியைக் குடித்து, உன் சோற்றைத் தின்றுவிட்டுப் போனான். அந்த இலையை மாட்டுக்குப் போட்டேன்.

இப்போது லைனையே மாற்றிவிட்டாய். என் வாசல் வழியாக அவன் வரக்கூடாது, அதுதானே? அதை நேராகச் சொல்லியிருக்கலாம், டாக்டரை நடுவில் இழுத்திருக்கவேண்டாம். மணிமொழி என்கிற அந்தப் பொண்ணு நேற்றுப் பிறந்தது. அது சொன்னால் கேட்கிறான், நீ சொன்னால் கேட்கிறான்.

பிறந்த வீட்டுக் கெடாவில் பின்னந்தொடை பிறந்தவளுக்கு. அதை உப்புக்கண்டம் போட்டுத் தம்பி வீட்டுக்கு அனுப்புவது என் பாத்தியதை. எங்கள் அத்தை செய்தாள், நான் செய்கிறேன். நடுவில் வந்தவர்கள் அதை நிறுத்த முடியாது.

அடுப்பு வெக்கையில் இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது, பின்மண்டை வலிக்கிறது. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். அவனுக்கு மட்டும் என் ஆசீர்வாதம்.

செங்கமலம்

*

விக்கிரமங்கலம்
02.03.2024

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று எழுதியது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். இங்கே உங்கள் தம்பிக்கு இப்போது 150, கீழே 96. குறைந்திருக்கிறது.

டிபன் பாக்ஸ் விஷயத்தை அவர் சொல்லவில்லைதான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாமென்று திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

நீங்கள் மனம்விட்டு எழுதியதால் நானும் எழுதுகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். முதல் நாள் நான் வைத்த குழம்பை வாயில் வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எங்கக்கா வச்சா வேற மாதிரி இருக்கும்". அன்றையிலிருந்து அந்த வேற மாதிரியைத் தேடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் மிளகாய் வறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கை சொல்லும்" என்று சிரித்தீர்கள். என் கை ஒன்றும் சொல்லவில்லை. இப்போது உப்பே போடக்கூடாது என்கிறார்கள். போட்டபோதே பிடிக்காத சோறு, போடாதபோது எப்படி இறங்கும்? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் அழுதால் அதற்கும் பிரஷர் ஏறும் என்று பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

பத்தாம் தேதி கோயிலில் பார்ப்போம். பின்னந்தொடை உங்களுக்குத்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சமைத்துக் கோயிலிலேயே எல்லோருமாகச் சாப்பிட்டுவிடலாம். அவரும் இரண்டு துண்டு சாப்பிடட்டும். காயவைக்க மட்டும் வேண்டாம்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
சிந்தாமணி

*

பாடாலூர்
22.03.2024

சிந்தாமணிக்கு, நல்லா இருக்கிறாயா? தம்பி நல்லா இருக்கிறானா? நேரத்துக்குத் தூங்குகிறானா? உன் மகள் ஜோதி மீன்சுருட்டியில் மாமியார் வீட்டில் சௌக்கியமா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

கோயிலில் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். கூட்டம், வெயில். தொடையைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். வருத்தப்படாதே. நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன், நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுநாளே கடையில் குழம்பு வைத்து வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டேன். லாரிக்காரர்கள் தட்டை வழித்துத் தின்றார்கள்.

ராசாங்கம் இந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருகிறான். நல்ல பிள்ளை. அவனும் நம் தம்பியும் ஒரே யார்டில்தானே வண்டியை விடுகிறார்கள்? சும்மா கேட்டேன்.

இப்போது வேறொன்றும் எழுத நேரமில்லை. மாடியில் துணி காய்கிறது, போய்க் காக்காய் விரட்டவேண்டும்.

அன்புடன்,
செங்கமலம்

*

விக்கிரமங்கலம்
25.04.2024

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். உங்கள் லெட்டரை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு அன்பாக நீங்கள் எனக்கு எழுதியதில்லை. உங்கள் தலைசுற்றல் இப்போது எப்படி இருக்கிறது? அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

உங்கள் தம்பிக்கு மறுபடியும் ஏறிவிட்டது. போன மாதம் 164, இந்த மாதம் 172. கீழே 108. மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறார். புகையிலையையும் குறைத்துவிட்டார். எப்படி ஏறுகிறது என்று மணிமொழிக்குப் புரியவில்லை. திண்டாடிப் பார்த்துவிட்டு என்னைத்தான் பிடித்தாள். எதிர்வீட்டுப் பொன்னாயி அக்கா, இன்னும் நாலு பேர் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், "அக்கா, உப்பு கொறச்சுட்டேன்னு எங்கிட்ட பொய் சொல்லாதீங்க. புருஷன் மூஞ்சி கோணுதுன்னு அள்ளிப் போடுறீங்க. நாளைக்கு இழுத்துக்கிச்சுன்னா நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். பொங்கலுக்கு வாங்கிய பாக்கெட், இன்னும் பாதி இருக்கிறது. உங்கள் தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டிதான் சாப்பிடுகிறார். ஆனால் இளைக்கவில்லை. சட்டைப் பையில் மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகமாட்டேன் என்கிறது.

அவரைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர் நீங்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

இப்படிக்கு,
சிந்தாமணி

*

பாடாலூர்
10.05.2024

சிந்தாமணிக்கு, நலம். உன் லெட்டர் கிடைத்தது. கத்திரி வெயிலில் கடையில் கூட்டம் குறைவு, ஆனாலும் பதில் எழுத இன்றுதான் கை வந்தது.

என்னிடம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? நான் பாடாலூரில் இருக்கிறேன், நீ கூடவே இருக்கிறாய். வீட்டில் ஒருத்தன் இரண்டு கரண்டிதான் சாப்பிடுகிறான் என்றால் சமைக்கிறவள்தான் யோசிக்கவேண்டும். பிறந்ததிலிருந்து உப்பு உறைப்பாகச் சாப்பிட்டு, மூட்டை தூக்கி, வண்டி ஓட்டி வளர்ந்த உடம்பு. அதைப் பத்தியச் சோறு போட்டு உட்காரவைத்தால் ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்? எனக்குத் தெரிந்து மாத்திரைதான் ஆகவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாக நடமாடுகிறவனுக்கு எதற்குத் தினம் மாத்திரை? ஒரு மாதம் விட்டுப் பார்க்கச் சொல்லு. நானும் ராசாங்கத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இந்த மிஷினையே நம்பக்கூடாது. போன வாரம் இங்கே மார்க்கெட்டில் கேம்ப் போட்டு எல்லோருக்கும் பட்டை கட்டினார்கள். எனக்கும் கட்டினார்கள். ஏதோ ஒரு நம்பரைச் சொல்லி, "பாட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றான் ஒரு பையன். என்னைப் பாட்டி என்கிறவன் சொல்லும் நம்பர் எப்படி இருக்கும்? மிஷின் கெட்டுப்போயிருக்கிறது, வேறென்ன.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் எங்கே இருந்தாலும் அவனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எந்த டாக்டரும் மாற்ற முடியாது, நீயும் மாற்ற முடியாது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சட்டைக் கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்.

செங்கமலம்

*

பாடாலூர்
02.07.2024

சிந்தாமணிக்கு, எப்படி இருக்கிறாய்? தம்பி எப்படி இருக்கிறான்?

என் லெட்டருக்கு ஏழு வாரமாகப் பதில் இல்லை. கோபமாக இருப்பாய் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக மனசு சரியில்லை. போன் போடக்கூடாது என்பதையும் மீறிப் போட்டேன். அவன் போன் சுவிட்ச் ஆஃப். உனக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜோதியும் எடுக்கவில்லை. ராசாங்கம் கடையில் நிறுத்துவதில்லை, ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறான். கை காட்டினேன், பார்க்காத மாதிரி போய்விட்டான்.

பஸ் ஏறி வந்துவிடலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். வாசற்படியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவாயோ என்று திரும்பிவிட்டேன்.

ஒரு வரி போதும். அவன் சாப்பிட்டான், தூங்கினான் என்று எழுது.

செங்கமலம்

*

விக்கிரமங்கலம்
11.07.2024

அண்ணிக்கு, சிந்தாமணி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு இதைச் சொல்லவேண்டும். லெட்டரை உட்கார்ந்து படியுங்கள்.

ஜூன் 24, திங்கட்கிழமை, யார்டில் கல்லைக் கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பும்போது அவருக்கு வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியிருக்கிறது. வண்டி மண்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. ராசாங்கம் அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், வாய் கோணி எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். உயிருக்குப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது புரிகிறது, கண்ணால் பார்க்கிறார். பேச்சு வரலாம் என்கிறார்கள்.

உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். ராசாங்கம் அண்ணன் போனைக் கையில் எடுத்தார். நான்தான் வேண்டாமென்று சத்தியம் வாங்கினேன். ஜோதியிடமும் சொல்லிவைத்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. நீங்கள் வந்தால் அவர் கண் உங்களைத்தான் பார்க்கும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, இந்தப் பதினேழு நாள் அவர் என்னை மட்டும்தான் பார்த்தார். நான் துடைத்துவிட்டேன், நான் புரட்டிப் படுக்கவைத்தேன். அதை யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இது பாவம் என்று தெரியும். உங்கள் லெட்டரை நேற்றுப் பார்த்தபிறகு மறைக்க முடியவில்லை. வாருங்கள். வாசற்படியில் நிற்கவைக்கமாட்டேன்.

சிந்தாமணி

*

பாடாலூர்
18.07.2024

சிந்தாமணிக்கு, நீ சாப்பிடுகிறாயா? போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது பாதி ஆகியிருந்தாய். கையெல்லாம் எலும்பு.

உன் வீட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீ டீ கொடுத்தாய், சோறு போட்டாய், ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் எகிறியிருப்பேன், என் மனசு லேசாகியிருக்கும். பதினேழு நாள் மறைத்தாளே என்று வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். உள்ளே வந்து அவன் வாயைப் பார்த்தேன். நடவு வயலில் எங்கம்மா வாய் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. காத்து அடித்தது என்று நாற்பத்துமூணு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும், பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் என்று மணிமொழி அன்றைக்குச் சொன்னாள்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பின்னந்தொடையை நான் குழம்பு வைக்கவில்லை. உப்பும் மஞ்சளும் அரைத்துத் தடவி, நூலில் கோத்து மாடியில் காயவைத்தேன். மொத்தம் ஐந்து சரம். அவனுக்குக் கெட்டுப்போகக் கூடாது என்று எப்போதையும்விட ஒரு கை உப்பு அதிகமாகப் போட்டேன். அது தீர்ந்ததும் கறி வாங்கி மறுபடியும் போட்டேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ராசாங்கத்திடம் கொடுத்தனுப்பினேன். யார்டுப் பக்கத்து டீக்கடை அடுப்பில் வாட்டித் தின்பான் என்று ராசாங்கம் வந்து சொல்வான். "எங்கக்கா கைதான்டா" என்று சொன்னானாம். அதைக் கேட்பதற்காகவே அடுத்த வாரமும் கொடுத்தேன். மாத்திரையை விடச் சொல்லி அனுப்பியதும் நான்தான், அதை உனக்கே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

மணிமொழி நாலு பேர் முன்னால் உன்னைத் திட்டினாள் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். நீ தோற்றாய் என்று சிரித்தேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் பிள்ளையைத்தான் நான் படுக்கவைத்துவிட்டேன்.

இனி உன் வீட்டுக்கு வர எனக்கு முகம் இல்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எப்போதாவது எழுது.

செங்கமலம்

*

விக்கிரமங்கலம்
05.08.2024

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். தலைசுற்றல் நின்றதா? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? இதற்கு மட்டும் நீங்கள் எந்த லெட்டரிலும் பதில் சொல்வதே இல்லை.

உங்கள் லெட்டரைப் படித்தபிறகு பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. நானும் ஒன்றை எழுதவேண்டும், அதற்குத் துணிச்சல் வரவில்லை.

உப்புக்கண்டம் எனக்கு முன்னாலேயே தெரியும். ஏப்ரல் மாதம், மணிமொழி திட்டிய மறுநாள், வண்டியைக் கழுவுகிற சாக்கில் யார்டுக்குப் போனேன். டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். துணியில் சுற்றி ஒரு சரம் இருந்தது. நூல் முடிச்சைப் பார்த்ததும் உங்கள் கை என்று தெரிந்துவிட்டது. அதை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம், அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். மணிமொழியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் மறுபடியும் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு அப்புறம்தான் உங்களுக்கு அந்த லெட்டரை எழுதினேன், ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் என்று. நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா என்று பார்த்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் என்னையே குறை சொல்லி எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இது முற்றட்டும், ஒருநாள் வெளியில் வரும், அன்றைக்கு அவர் வாயாலேயே அக்கா செய்தது தப்பு என்று சொல்வார், நான் கேட்பேன் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் விழுவார் என்று நினைக்கவில்லை அண்ணி. சாமி சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் டாக்டர் என்னிடம்தான் தனியாகச் சொல்லியிருந்தார். நீங்கள் அதை நம்பாமல் கொடுத்தீர்கள், நான் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம்.

மணிமொழியிடம் இரண்டு பேர் கதையையும் சொல்லிவிட்டேன். "உப்பு மட்டும் இல்லக்கா. வருஷக்கணக்கா முழிச்சு ஓட்டுனது, பொகையில, மாத்திரைய உங்களுக்குத் தெரியாம விட்டது, அம்மா வழி, எல்லாஞ் சேந்துதான்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளோ என்னவோ.

முக்கியமான விஷயம், முந்தாநாள் பேச்சு வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா என்றுதான் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். இவ்வளவு ஆனபிறகும் அதுதான் எனக்கு. உங்கள் பேரும் வரவில்லை, என் பேரும் வரவில்லை. "உப்பு" என்றார். அப்புறம் இன்னும் கஷ்டப்பட்டு, "இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றையிலிருந்து நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். இரண்டு நாளாகப் பாலும் இளநீரும் மாத்திரையும்தான். உப்பில்லாத சோறு இவர் வாயில் இறங்கவேண்டுமென்றால் அது உங்கள் கையால்தான் இறங்கும். அதை என் கையால் எழுத எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வாருங்கள் அண்ணி. நீங்கள் ஊட்டுங்கள். நான் பின்கட்டில் இருந்துகொள்கிறேன்.

சிந்தாமணி

*

பாடாலூர்
08.08.2024

அன்புள்ள சிந்தாமணிக்கு, அக்கா எழுதுவது. இனி அண்ணி என்று போடாதே, அக்கா என்றே போடு.

உன் லெட்டரைப் படித்ததும் உன்னைக் கிழிகிழியென்று கிழிக்கவேண்டும் போல் இருந்தது. பெட்டியில் பார்த்துவிட்டு மூடிவைத்தாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று எழுதி, அந்தத் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் மூடித்தான் வைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். கடையைப் பத்து நாள் மூடுகிறேன். கையில் ஒன்றும் கொண்டுவரமாட்டேன். உன் வீட்டுக்கு வெறும் பையோடு வருவது இதுதான் முதல் தடவை, பழகிக்கொள்.

ஒவ்வொரு லெட்டரிலும் கேட்கிறாயே, சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் கேம்ப்பில் மிஷின் கெட்டுப்போகவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மேலே 176, கீழே 104. மூணு மாதம் மறைத்தேன். உனக்குத் தெரிந்தால் நீ ஜெயித்ததாக ஆகிவிடுமே என்று பயம். மணிமொழி வரும்போது எனக்கும் பட்டை கட்டச் சொல்லு, நான் கை நீட்டுகிறேன்.

கஞ்சியை நீயே வை. அவனுக்கும் உப்புப் போடாதே, எனக்கும் போடாதே. அவன் பார்க்கப் பார்க்க முதல் வாயை நான் தின்கிறேன், முகம் சுளிக்காமல் தின்கிறேன். "நல்லாருக்குடா, சாப்பிடு" என்று சொல்கிறேன். நான் சொன்னால் வாயைத் திறப்பான். திறந்ததும் நீ ஊட்டு. பின்கட்டுக்கெல்லாம் போகவேண்டாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்தான். எரியட்டும், நீ ஊட்டு.

உன் அக்கா,
செங்கமலம்